ஏணியைப் பிடித்தவர்

நாளை சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். தேவாலயத்தில் பீடத்தின் பின்சுவரில் உயரத்தில் இருக்கும் பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவை, ஊதாத் துணியால் மூடியாக வேண்டும். வருஷா வருஷம் ஏறும் கோவில் பணியாளரான கோவில்பிள்ளை இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். மற்ற ஆண்கள் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்து நிற்க, வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். துணியைத் தைத்த தையல்காரர், அவள் புருஷன், கீழே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். முக்காலியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். ஜன்னல் வெயில் அவள் குதிகாலில் காய்ந்திருக்கும் பச்சைப் பெயிண்ட் துளியில் விழுகிறது. ஏணி முனகுகிறது. "பிடிச்சிருக்கீங்களா?" "பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீ கீழ பாக்காதே." "நான் பாப்பேன். நீங்கதான் மேல பாக்க மாட்டீங்க." அவர் நிமிர்ந்து பார்க்கிறார். சிலுவையின் தலையில் நாடாவை முடிந்துவிட்டு, சுருட்டிய துணியை அவள் விடுகிறாள். அது ஒரே வீச்சில் இறங்கி, ஆணி அடித்த பாதங்களையும் மறைத்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நிற்கிறது. "அடடா! அளவெடுத்த மாதிரி இருக்கே, யாருய்யா தைச்சது?" என்று கேட்டபடி உள்ளே வருகிறார் பங்குச் சாமியார். தையல்காரர் நிமிர்ந்த தலையை இறக்கவே இல்லை. "தையலை அப்புறம் பேசலாம் சாமி. மேல நிக்கறது யாருன்னு பாருங்க!"