மாப்பிள்ளை எந்த டீமுங்க?

பெண் பார்க்க வந்த சுப்பையனிடம் பெண்ணின் அப்பா நாச்சிமுத்து எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க மில் டீமா, ரயில் டீமா?"

சம்பளத்துக்கு ஆள் பிடித்து ஆடிய அந்தக் கால்பந்து டீம்களால் சேலமே இரண்டுபட்டுக் கிடந்தது. நாச்சிமுத்துவின் வீட்டோடு சேர்ந்த ஜவுளிக்கடை இருந்ததோ மில்காரர்கள் தெருவில்.

சுப்பையனுக்கு ரயில் டீம் என்றால் உயிர். ஆனால் பெண்ணையும் பிடித்துவிட்டதே!

"மில்லுதானுங்க மாமா. ரயில்காரனுக்கு எங்க ஊட்டுல பச்சத்தண்ணிகூடக் கிடையாதுங்க."

"கேட்டீங்களா!" என்று வாசலில் கூடியிருந்த தெருக்காரர்களைப் பார்த்துச் சொன்னார் நாச்சிமுத்து. தட்டு மாற்றினார்கள்.

ஞாயிறன்று நடந்த மேட்சில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ரயில் டீம் ரசிகர் கூட்டத்துக்குள் உட்கார்ந்தான் சுப்பையன். ரயில் டீம் கோல் போட்டது. துள்ளிக் குதித்ததில் துண்டு நழுவியது. பக்கத்தில் அதேபோல் முகத்தை மூடியிருந்தவர் பதறிப்போனார்.

"சீக்கிரம் மூடுங்க மாப்பிள்ளை! மில்காரன் எவனாச்சும் பாத்தா என் கடை போச்சு!"