வெட்டாத தாள்கள்

ஞாயிறு மாலைகளில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது அழகையாவின் வழக்கம். 1957 ஆடியில் அவர் காய்ச்சலில் இறந்த பிறகு, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னை வாசிக்கச் சொன்னார்கள். கொட்டகலைக் கடையில் ஒரு புது நாவல் வாங்கினேன். அதில் சில தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தன. சீட்டாடப் போகும் அவசரத்தில் அவற்றைப் பிரிக்காமலே தாண்டி வாசித்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம், கொழுந்து பறிக்கும் சண்முகவடிவு கேட்டாள்.

"கதையில மாமியா கெணத்தடியில அழுவுற எடத்த ஏன் மாஸ்டர் விட்டுட்டீங்க?"

"யார் சொன்னது?"

"நீங்க போனதுக்கப்புறம் அழகையா அண்ணன் வாசிச்சாங்க. நீங்க வாசிச்சா எல்லாரும் ஒரே ஆளு மாதிரி பேசுறாங்க. அவங்க வாசிச்சா மாமியா இருமுறதுகூடக் கேக்குது."

சுற்றியிருந்த யாரும் ஆச்சரியப்படவில்லை. புத்தகம் எப்போதும் என் பெட்டியில்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேனாக்கத்தியால் தாள்களைப் பிரித்தேன். அந்தப் பக்கங்களில் மாமியார் கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தாள். நடுவில் இருமினாள்.

அடுத்த ஞாயிறு ஒரு வரிகூட விடாமல் வாசித்துப் புத்தகத்தை மூடினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அழகையா உட்காரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை காலியாக இருந்தது. தலை குனிந்தபடி நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி, நானும் சிரித்தேன்.