பாதை பிரியும் இடம்

“தப்பா வாசிச்சா என்ன பண்ணுவீங்க?” என்று முதல் பியானோ வகுப்பிலேயே கேட்டாள் ஏழு வயது ரைலி.

“ஜன்னலைத் திறந்துவிடுவேன். தப்பு வெளியே போகட்டும்,” என்றார் சிக்னே அம்மையார்.

துர்க்கு நகரத்துக் குளிரில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவரிடம் பியானோ கற்றவர்கள் பாதிப் பாடத்தைக் கம்பளிக் கோட்டோடுதான் வாசித்தார்கள். பல நாட்டு மேடைகளில் பேர் வாங்கிய பிறகும், விரல் தவறினால் அவர்கள் கண் முதலில் ஜன்னலைத்தான் தேடும்.

ரைலிக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. மேடைக்குப் பின்னால் நின்று விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மையாரின் கடைசிக் கச்சேரி இது. இரண்டு பியானோக்களில் குருவும் மாணவியும்.

“கையைக் குடு. அய்யோ, ஐஸ் கட்டி!” அம்மையார் தம் கோட்டுப் பையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கச்சேரிக்கு முன்னால் சுடச்சுட முட்டையைப் பிடித்து விரல்களைச் சூடாக்கிக்கொள்வது அவருடைய ஐம்பது வருஷ வழக்கம்.

“டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் மியூசிக் நோட்ஸை முன்னாடி வெச்சுக்கலாமா?”

“காகிதம் காய்கறி வாங்கப் போறவங்களுக்கு. மேடைக்கு எதுக்குடி?”

ரைலியின் பயமெல்லாம் கடைசிப் பகுதியில் ஒரே ஓர் இடத்தைப் பற்றியது. ஒரு மெட்டு அங்கே இரண்டு முறை வரும். முதல் முறை மேலே ஏறிப் போக வேண்டும். இரண்டாம் முறை கீழே இறங்கி முடிவுக்கு வர வேண்டும். ஒத்திகையில் இரண்டு தரம் அங்கே பாதை மாறிப் போயிருந்தது. இன்றும் மாறினால், ஐம்பது வருஷ வாசிப்பை மறந்துவிட்டு ஊர் அதை மட்டுமே பேசும்.

‘கர்த்தரே, அந்த ஒரு இடத்தை மட்டும் கடத்திவிடும்’ என்று வேண்டிக்கொண்டே வாசித்தாள். முதல் முறை மெட்டு பத்திரமாக ஏறிப் போனது. இரண்டாம் முறையும் மெட்டு வந்தது.

ஒரு பியானோ மேலே ஏறியது. மற்றது கீழே இறங்கியது. தகர டப்பாக்கள் மாடிப்படியில் உருண்டது போல ஒரு சத்தம்.

ரைலி சட்டென்று கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். “எல்லாரும் மன்னிக்கணும். நான்தான் பாதை மாறிட்டேன்.”

அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். ரைலி மெட்டை மறுபடி எடுத்துக் கொடுக்க, இருவருமாகக் கீழே இறங்கி முடித்தார்கள். கைதட்டல் அடங்கக் கால்மணி நேரமாயிற்று.

உடைமாற்றும் அறைக்குக் கச்சேரி மேலாளர் தௌனோ பாய்ந்து வந்தார். “முப்பது வருஷம் படிச்சு என்னம்மா கிழிச்சே? டீச்சர் வாழ்க்கையிலயே ஒரே ஒரு தடவைதான் தப்பு பண்ணியிருக்காங்க. அதுவும் உன் காலேஜ் பரீட்சையில, உனக்காக ரெண்டாவது பியானோ வாசிச்சப்போ. உன் பக்கத்துல உக்காந்தா எவனும் உருப்படமாட்டான் போல!”

“ஆமா சார், என் ராசி அப்படி,” என்று தலையைக் குனிந்துகொண்டாள் ரைலி. அவர் முணுமுணுத்துக்கொண்டே காரைக் கொண்டுவரப் போனார்.

அம்மையார் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பிய பிறகும் கைப்பிடியை விடவில்லை. எழுபத்தொன்பது வயதில் அவர் பயந்து ரைலி பார்ப்பது இதுவே முதல் முறை.

“மேலே ஏறினது நான்தானே, ரைலி? எனக்கு மறக்க ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு நீ ஏன் பழியை ஏத்துக்கிட்டே?”

ரைலி அவர் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

“என் பரீட்சையில தப்பு பண்ணினது யாரு, டீச்சர்?”