கூடுதல் ஓட்டுநர்: இல்லை

மார்ச் 9, 2061. நியூசிலாந்து.

வாடகைக் கார் படிவத்தில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். 'கூடுதல் ஓட்டுநர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மாலை வகுப்பில் ஆறு மாதம் கையால் கார் ஓட்டப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான்தானே என்று நினைத்தேன்.

ஊரில் இப்போது எந்தக் காரிலும் ஸ்டியரிங் கிடையாது. இருந்த காலத்தில் அம்மா மதுரையில் பதினான்கு வருடம் கால் டாக்ஸி ஓட்டினாள். இங்கே ஏரி பார்க்கத்தான் வருகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், கேட்கவில்லை.

நான்கு நாளும் பக்கத்து இருக்கையில் இருந்து, "ஏன்டி பூங்கோதை, கல்யாண ஊர்வலமா போறோம்? மூணாவது கியரப் போடு" என்று சிரித்தாள். வளைவு வந்தால் அவள் வலது கால் வெறும் தரையை மிதித்தது.

இன்று ஏரிக்கரையில் நிறுத்தி, என் இருக்கையில் அவளை உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஸ்டியரிங் கைரேகை பார்க்கும்; படிவத்தில் இல்லாத கை என்பதால் கார் கிளம்பவில்லை.

"பரவால்லடி, எனக்கும் கண்ணு மங்கிப்போச்சு" என்றாள். நேற்று தூரத்துச் சாலைப் பலகைகளை எனக்கு முன்பே வாசித்தவள் அவள்.

நாளை எட்டு மணிக்கு அலுவலகம் திறந்ததும் அம்மா பெயரைச் சேர்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு வண்டியை ஒப்படைக்க வேண்டும்.