இருபத்தொரு டிகிரி

“விறகு கேட்காது, கரண்ட் கேட்காது. ராத்திரி பகலா அணையாம எரியும். அது என்ன அடுப்பு, சொல்லு?”

மேதா மஃப்ளருக்குள்ளிருந்தே யோசித்தாள். “சூரியன்?”

“ராத்திரி ஏது சூரியன்? நீதான் அந்த அடுப்பு. நானும்தான். ஒவ்வொரு மனுஷ உடம்பும் கிட்டத்தட்ட ஒரு நூறு வாட் பல்பு.”

“அச்சா! அப்ப எனக்கு ஏன்ப்பா குளிருது?”

“உன் சூட்டைக் காத்து திருடிக்கிட்டுப் போகுது. அந்தத் திருடனைத் தடுக்கத்தான் அப்பா செவுரு பண்றேன்.”

டெல்லி துவாரகாவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிச் சொசைட்டியின் புல்வெளியில் நின்றது அந்தச் சுவர். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகைகள். விளிம்பில் கொக்கி, சாவியைத் திருகினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சிமென்ட் வேண்டாம், கொத்தனார் வேண்டாம். நான்கு பேர் நாற்பதே நிமிடத்தில் ஓர் அறையை நிறுத்திவிட்டார்கள். அப்பா கதிரவனின் மூன்று வருட உழைப்பு அது.

வீடில்லாதவர்கள் குளிர்காலத்தில் தங்க, முந்நூறு அறைகள் வாங்க ஓர் அரசுத் துறை முன்வந்திருந்தது. ஒரே நிபந்தனை. ஆளில்லாத அறைக்குள் நூறு வாட் பல்பு ஒன்று மட்டும் எரிய வேண்டும். ஐந்து நாளில் ஒரு விடியலிலாவது உள்ளே பதினெட்டு டிகிரி காட்ட வேண்டும்.

விடுமுறையில் இருந்த மேதாவுக்கு அதை நோட்டில் குறிக்கிற வேலை. நான்கு நாளும் வெளியே ஆறு, உள்ளே பதினாலு. நேற்று மாலை கதிரவன் மூலைகளில் ரப்பர் பட்டையை மாற்றினார். இன்று கடைசி நாள். பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார்.

மேதா கதவைத் திறந்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்ததும் கத்தினாள்.

“அப்பா! இருபத்தொண்ணு!”

கதிரவன் ஓடிவந்து வெளிச்சுவரில் கை வைத்தார். பனிக்கட்டி. உள்சுவரில் வைத்தார். அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி இருந்தது. நடுவில் நான்கு விரல் கனம்கூட இல்லை.

அப்புறம்தான் மூலையில் கிடந்த பச்சைக் குரங்குக் குல்லா கண்ணில் பட்டது. இரவுக் காவலாளி ராம்பிரவேஷின் குல்லா.

இருபத்தொன்றில் பதினாலு போனால் ஏழு. இன்னொரு நூறு வாட். ஒரு ஆள்!

குல்லாவைத் தூக்கிக்கொண்டு நேராகச் சொசைட்டி செயலாளர் சேஷனிடம் போனார். மேதாவும் பின்னாலேயே ஓடினாள். மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர் சேஷன். ‘இந்தத் தகர டப்பாவை எப்போ எடுக்கப்போறேள்?’ என்று தினமும் கேட்கிற மனிதர்.

“சார், உங்க வாட்ச்மேன் டூட்டி நேரத்துல என் ரூம்ல படுத்துத் தூங்கியிருக்கான். முதல்ல அவனை வேலையை விட்டு எடுங்க!”

“எடுக்கறதுன்னா என்னையும் சேர்த்து எடுங்கோ. படுக்கச் சொன்னதே நான்தான்.”

“நீங்களா?”

“நூத்திரண்டு ஜுரம் அவனுக்கு. லீவு போட்டா ஏஜென்சிக்காரன் வேற ஆளைப் போட்டுடுவான்னு பயந்துண்டு நடுங்கறான். மூணு மாடி ஏறி எங்காத்துக்கு வர முடியலை. உங்க டப்பாதான் பக்கத்துல இருந்தது.”

“அப்ப கேட்டுல யாரு இருந்தது?”

சேஷன் தும்மினார். “வேற யாரு? ரஜாயைப் போத்திண்டு இந்தக் கிழவன்தான். ஒண்ணு சொல்லணும் கதிரவன். விடியறப்போ போய்ப் பார்த்தேன். அவனுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு! ஜுரம் விட்டு, எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனான். ஹீட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எப்படி ஐயா அது?”

கதிரவன் கையிலிருந்த குல்லாவைப் பார்த்தார். மூன்று வருடமாக எத்தனையோ கணக்குப் போட்டாயிற்று. எல்லாமே காலி அறைக்கு. ஒரு மனிதனின் சூட்டைச் சிந்தாமல் விடியும்வரை காத்துக் கொடுத்திருக்கிறது அவருடைய சுவர். அவர் மட்டும் குல்லாவைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிகாரியின் கார் உள்ளே நுழைந்தது.

கதிரவன் குனிந்து, “மேதா, நோட்டுல இருபத்தொண்ணு அப்படியே இருக்கட்டும். வேற எதுவும் எழுத வேணாம்” என்றார்.

“அது ஜூட் இல்லையாப்பா? பொய்?”

“தெர்மாமீட்டர் காட்டினதைத்தானே எழுதியிருக்கோம்? ஆள் இருந்தது தெரிஞ்சா முந்நூறு ரூமும் போச்சு. அதுல படுக்க வேண்டியவங்க ரோட்டுல படுப்பாங்க. பரவாயில்லையா?”

மேதா காரைப் பார்த்தாள். அதிகாரி இறங்கி, கையுறையைக் கழற்றியபடி அவர்களை நோக்கி வந்தார். “ரெக்கார்டு எங்கே?” என்று இந்தியில் கேட்டார்.

மேதா பேனாவைத் திறந்து, இருபத்தொன்றுக்குப் பக்கத்தில், ‘உள்ளே ஒருவர் தூங்கினார்’ என்று இந்தியில் எழுதி நோட்டைக் கொடுத்தாள்.