சிவப்புக் கோடு விழாத விளம்பரம்

வெள்ளவத்தை மாடிவீட்டின் மேசையில் பின்னேர வெயில் விழுகிறது. கடற்கரை ரயில் போக யன்னல் கண்ணாடி அதிர்கிறது. விளம்பர மொழி வாசகரை எப்படி மயக்குகிறது என்று பட்டப்படிப்புக்குக் கட்டுரை எழுதும் நிரோஜினி, பத்திரிகையின் 'மணமகள் தேவை' பக்கத்தில் சிவப்புக் கோடு போடுகிறாள். முப்பத்துநாலு வயதுவரை வந்த கலியாணப் பேச்சையெல்லாம் தட்டிக்கழித்தவள். "'கௌரவமான குடும்பம், உயர் உத்தியோகம்.' எல்லாம் சோடிச்ச கதை, அம்மா." "மற்றதை வாசி, பிள்ளை." "'வயது முப்பத்தெட்டு. தலை பாதி வழுக்கை. சமைப்பேன், உப்புத்தான் சிலவேளை கூடிவிடும்.'" அவளுக்குச் சிரிப்பு வருகிறது. திரும்பவும் வாசிக்கிறாள். பேனை அப்படியே நிற்கிறது. "என்ன, இதிலை பிழை பிடிக்க ஏலேல்லையோ?" அம்மா கறிவேப்பிலை உருவியபடி கேட்கிறாள். "கட்டுரைக்கு என்ன எழுதப்போறாய்?" "கட்டுரை கிடக்கட்டும். இதிலை நம்பர் போட்டிருக்கு, உங்கட போனை ஒருக்கா இஞ்சால தாங்கோ."