எட்டாவது ரசம்

வெளிநடப்புகளை ஒழிக்க, உலக மன்றம் தன் கூட்டங்களைப் பந்தியில் நடத்தத் தொடங்கியிருந்தது. மோர் சாதம் சாப்பிடாமல் யாரும் இலையை விட்டு எழக் கூடாது; எழுந்தால் பந்தியே சேர்ந்துதான் எழ வேண்டும்.

இன்று மீனவர் விடுதலை ஒப்பந்தம். சிறையிலிருப்பவர்களில் பரிமாறும் ஜெசிந்தாவின் கணவனும் ஒருவன். எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டுவிட்டன. சிறைப்பிடித்த நாட்டின் தூதர் மட்டும் பேனாவைத் தள்ளிவிட்டு மோர் கேட்டார்.

ஜெசிந்தா சமையற்கட்டுக்கு ஓடினாள். "அக்கா, மோர் கேக்குறாரு! எந்திரிச்சுப் போயிருவாரு!"

"இன்னும் கடையலன்னு சொல்லு. ஒவ்வொரு வகை ரசமா ஊத்து," என்றார் தலைமைச் சமையல்காரர் செங்கமலம்.

ஐந்தாவது ரசத்தில் தூதர் பெல்ட்டைத் தளர்த்தினார். எட்டாவதில் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜெசிந்தா மோர் வாளியோடு பறந்து வந்தாள். தூதர் இலையைக் கையால் மறைத்தார்.

"மோர் வேண்டாம். அந்த அன்னாசி ரசம் இன்னும் இருக்கா?"

"அண்டாவோட கொண்டாரேன் சார்!"

உலக நாடுகள் அத்தனையும் கை காயக் காய உட்கார்ந்திருந்தன.